பிரிந்தபின் இருவர் பெயரிலுள்ள வீட்டை விற்பது எப்படி: காரைக்குடி பத்திர மேசையிலிருந்து

பத்திரம் எழுதும் என் மேசைக்கு எதிரே ஒரு பெஞ்சு கிடக்கிறது. புது வீடு வாங்க வரும் கணவன் மனைவி அதில் ஒட்டி உட்காருவார்கள். சில வருஷம் கழித்து அதே வீட்டை விற்க வரும்போது ஒருவர் பெஞ்சில் இருப்பார், இன்னொருவர் தெருவில் நிறுத்திய காருக்குள் இருப்பார். நடுவில் மைத்துனரோ சித்தப்பாவோ தூது போய் வருவார்.

வந்ததும் கேட்பது, "என்ன விலைக்குப் போகும் அண்ணே?" நான் திருப்பிக் கேட்பது, "யாருக்கு எத்தனை பங்குன்னு பேசிட்டீகளா?" பெரும்பாலும் பதில் வராது. பங்கு பேசாமல் விலை பேசப் போனவர்கள்தான், நல்ல கிராக்கி முன்பணத்தோடு வந்து நிற்கும் நாளில் அவர் முன்னாலேயே சண்டை போட்டு அவரை அனுப்பி வைப்பவர்கள். அதனால் இந்தக் கட்டுரையில் விலை பின்னால்தான் வரும்.

எந்த வீட்டைச் சொல்கிறீர்கள்?

செட்டிநாட்டில் "எங்க வீடு" என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று ஊரில் இருக்கும் பெரிய வீடு. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ, முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய அறைகள்) இரண்டாம் கட்டுமாக, ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடு. கல்யாணமானால் அந்தப் புதுக் குடும்பம் ஒரு புள்ளி என்று கோயில் கணக்கில் ஏறும். வளவில் ஓர் அறை அந்தப் புள்ளிக்கு ஒதுங்கும். அந்த அறையில் பத்து வருஷம் சீர் சாமான் இருந்தது என்பதற்காக அது கணவன் மனைவி இருவரின் சொத்து ஆகிவிடாது. அது பங்காளிகளின் பொதுச் சொத்து. கணவருக்கு அதில் பங்கு இருக்கலாம். அவர் உயிரோடிருக்கும்போது மனைவிக்கு அதில் உரிமைப் பங்கு கிடையாது. ஜீவனாம்சம் பேசும்போது கணவரின் வசதிக்குச் சான்றாக அந்தப் பங்கைக் காட்டலாம், அவ்வளவே. பெரிய வீட்டையும் நீங்கள் இருவரும் வாங்கிய வீட்டையும் சேர்த்துப் பேசினால் இரண்டும் நகராது.

இந்தக் கட்டுரை இரண்டாவது வகை வீட்டைப் பற்றியது. செக்காலையிலோ சுப்பிரமணியபுரத்திலோ கழனிவாசல் பக்கமோ, கணவன் மனைவி சேர்ந்து கடன் போட்டு வாங்கிய வீடு.

அதிலும் முதலில் பத்திரத்தை எடுத்துப் பெயரைப் பாருங்கள். கல்யாணம் ஆனதாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பாதி என்று நம் சட்டத்தில் இல்லை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதல் பார்வையில் உடைமையாளர். என் மேசைக்கு வருவதில் மூன்று விதம் உண்டு.

இருவர் பெயரும் கிரயப் பத்திரத்தில் இருந்தால் நேரான விஷயம். இருவர் கையெழுத்தும் இல்லாமல் முழு வீட்டை விற்க முடியாது.

மனை பெண்ணின் அப்பச்சி (அப்பா) செட்டில்மெண்டாக, அதாவது தானமாக எழுதிக் கொடுத்தது, கட்டடம் மாப்பிள்ளை சம்பாத்தியத்தில் எழும்பியது என்பது இன்னொரு விதம். இந்தப் பக்கத்தில் இது நிறைய. காகிதத்தில் வீடு அந்தப் பெண்ணுடையது, விற்கக் கணவர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் வங்கிக் கடனில் அவர் கூட்டுக் கடனாளியாக இருப்பார், செலவு செய்ததற்கான ரசீதுகளும் அவரிடம் இருக்கும். அது கூட்டு வீடு இல்லை, கணக்குத் தீர்க்க வேண்டிய வீடு. கணக்கைத் தீர்க்காமல் விற்கப் போனால் தடை உத்தரவு கேட்டு அவர் நீதிமன்றம் போவார்.

மூன்றாவதுதான் சிக்கலானது: மாமனார் மனையில், மாமனார் பெயர் மாறாமலேயே, மகனும் மருமகளும் கடன் வாங்கிக் கட்டியது. இங்கே மாமனாரை உட்கார வைத்துப் பேசாமல் எதுவும் நடக்காது. அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வகையாக இருந்தால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

பாசத்தில் குழந்தையின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்துக் குடும்பமாக இருந்தால், மைனரின் பங்கை விற்கப் பெற்றோரே ஆனாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை மேஜரான பிறகு வந்து அந்த விற்பனையைச் செல்லாது என்று கேட்கலாம். விவரம் தெரிந்த யாரும் அப்படிப்பட்ட வீட்டை வாங்க மாட்டார். அனுமதி கேட்க மாதக்கணக்கில் ஆகும், எனவே அதை முதல் வேலையாக ஆரம்பியுங்கள்.

பங்கு: விதைநெல்லை முதலில் எடுத்து வையுங்கள்

பத்திரத்தில் "இருவரும் சம பாகமாக" என்று எழுதியிருந்தால் அதுதான் தொடக்கப் புள்ளி. பங்கு எதுவும் எழுதாமல் இரண்டு பெயர் மட்டும் இருந்தால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பேசும். அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட ஆதாரம் இல்லையென்றால் சம பங்கு.

சட்டம் அப்படி இருக்க, மேசையில் பேசி முடிக்க நான் சொல்லும் கணக்கு வேறு. ஓர் உதாரணம். வீடு 60 லட்சம் போகும், வங்கிக் கடன் பாக்கி 18 லட்சம். மிச்சம் 42. வாங்கும்போது கணவர் சிங்கப்பூர்ச் சேமிப்பிலிருந்து 12 லட்சம் போட்டார். மனைவி நகையை விற்று 5 லட்சம் போட்டார். தவணையை இருவர் சம்பளத்திலும் கட்டினார்கள். 42-இல் முதலில் இருவரும் ஆரம்பத்தில் போட்ட அந்த விதைநெல் 17 லட்சத்தை எடுத்து வையுங்கள். மிச்சம் 25-ஐ ஆளுக்குப் பாதி, 12.5. ஆகக் கணவருக்கு 24.5 லட்சம், மனைவிக்கு 17.5 லட்சம். சட்டம் இப்படித்தான் பிரிக்கச் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. இருவரும் காது கொடுத்துக் கேட்கும் கணக்கு இதுதான் என்பது என் அனுபவம்.

"நான் அஞ்சு வருஷம் வேலையை விட்டுட்டுப் பிள்ளையைப் பாத்தேனே, அதுக்கு என்ன கணக்கு?" என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. அதைப் பங்குக்குள் நுழைக்கலாம், இருவரும் ஒப்பினால். ஒப்பாவிட்டால் ஜீவனாம்சப் பேச்சில் அதற்கு இடம் உண்டு. வீட்டுப் பத்திரத்தில் அதைத் தேட வேண்டாம்.

நகையும் சீரும் தனி. கல்யாணத்தில் எழுதிய சாமான் பட்டியல் இருந்தால் எடுத்து வையுங்கள். வெள்ளிச் சாமான், பித்தளை, பர்மா அரக்குப் பெட்டி எல்லாம் பெண்ணின் சீதனம், அவருடைய முழு உரிமை. வீட்டை விற்ற பணத்தில் அதைக் கழிக்கக் கூடாது. அவசரத்தில் அவற்றை முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கொண்டுபோய்த் தள்ளுவதும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே அடுக்குச் சட்டியைக் கடை வாசலில் பார்த்து அழுதவரை எனக்குத் தெரியும்.

காகிதம்

மூலப்பத்திரம் ஒருவர் பீரோவில் பூட்டிக் கிடக்கும், மற்றவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பயப்படாதீர்கள். பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையின் இணையதளம் வழியாகவே மனுப்போட்டு வாங்கலாம். விற்பனைக்கு அசல் வேண்டும் என்றாலும், பேச்சுவார்த்தைக்கு நகல் போதும்.

வில்லங்கச் சான்றை நீங்களே இணையத்தில் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் மற்றவர் அடமானம் ஏதும் வைத்திருந்து, அது பதிவாகியிருந்தால், அதில் தெரியும். பட்டா கூட்டாக இருவர் பெயரிலும் இருக்கிறதா, பழைய உடைமையாளர் பெயரிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கி இல்லை என்ற ரசீது, கட்டட அனுமதி வரைபடம், மின் இணைப்பு அட்டை எல்லாம் ஒரு கோப்பில் சேரட்டும்.

பெண்களுக்கு ஒரு சிறு விஷயம், ஆனால் பதிவு நாளில் பலரைத் திருப்பி அனுப்பிய விஷயம். பத்திரத்தில் "க/பெ" என்று கணவர் பெயரோடு இருப்பீர்கள். பிரிந்தபின் ஆதாரில் அப்பா பெயருக்கு மாற்றியிருப்பீர்கள், இனிஷியலும் மாறியிருக்கும். வில்லங்கத்தில் ஒரு பெயர், கையில் ஒரு பெயர். கிரயப் பத்திரத்தில் இரண்டையும் எழுத வேண்டும்: இன்னார் மகளும், இன்ன ஆவண எண்ணில் இன்னாரின் மனைவி என்று குறிக்கப்பட்டவருமான இவர் என்று. விவாகரத்துத் தீர்ப்பு வந்திருந்தால் அதன் நகலையும் எடுத்து வாருங்கள். முடிந்தால் விற்பனை முடியும்வரை ஆதாரில் கை வைக்காதீர்கள்.

விற்கும்வரை வீட்டில் யார், தவணை யார்

கடன் இருவர் பெயரிலும் இருந்தால், வங்கிக்கு உங்கள் சண்டை தெரியாது. "நான் வெளியே வந்துட்டேன், அவுக கட்டட்டும்" என்று நிறுத்தினால் இருவர் கடன் வரலாறும் சேர்ந்து கெடும். அதற்கப்புறம் தனியாக ஒரு சின்ன வீட்டுக்குக் கடன் கேட்கப் போகும்போது அது தெரியவரும். குடியிருப்பவர் தவணை கட்டுவது, அல்லது இருவரும் பாதி கட்டி, குடியிருப்பவர் மற்றவருக்கு ஒரு வாடகை கணக்கில் வைப்பது என்று ஏதாவது ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எது ஆனாலும் வங்கி வழியாகவே பணம் போகட்டும்.

பூட்டை மாற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மனைவி கூட்டாகக் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை கேட்கலாம், வீடு யார் பெயரில் இருந்தாலும். பூட்டை மாற்றிய ஒரு நாள் கோபம், அமைதியாக நடக்க வேண்டிய விற்பனையைக் காவல் நிலைய வாசலுக்குக் கொண்டுபோகும்.

ஒருவரே எடுத்துக்கொள்வதா, வெளியாளுக்கு விற்பதா

வெளியாளுக்கு விற்பதற்கு முன், உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். செலவு வித்தியாசம் பெரிது.

வெளியாளுக்குக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அதை வாங்குபவர்தான் கட்டுவார், ஆனால் அதை மனதில் வைத்துத்தான் உங்கள் விலையைக் குறைத்துக் கேட்பார். அதுவே கணவன் மனைவிக்குள் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்றால், குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான ஆவணமாக 1 சதவீத முத்திரைத் தீர்வை, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையிலிருந்து இந்த உச்சவரம்பு. மேலே சொன்ன உதாரணத்தில் பாதிப் பங்கு 30 லட்சம் என்றால் 30,000-மும் 10,000-மும் சேர்ந்து 40,000-தான்.

நேரம் இங்கே முக்கியம். இந்தச் சலுகை கணவன் மனைவி என்ற உறவுக்கு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் சட்டப்படி அந்த உறவில் இல்லை. சார்பதிவாளர் சலுகையை மறுக்க அப்போது இடம் உண்டு. இருவரும் ஒப்பி விவாகரத்துக் கேட்கும் பரஸ்பர சம்மத மனு போட்டுக் காத்திருக்கும் காலத்துக்குள் விடுதலைப் பத்திரத்தை முடிப்பது நல்லது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் முதல் மனுவுக்கும் இரண்டாவது வாக்குமூலத்துக்கும் நடுவே 6 மாதம் இருக்கிறது. நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. எனவே 6 மாதமும் கையில் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கல்யாணம் செய்யாமல் சேர்ந்திருந்து இருவர் பெயரில் வாங்கியவர்களுக்கு இந்தச் சலுகைக்கு வழியில்லை.

எடுத்துக்கொள்பவர் நம் உதாரணத்தில் மனைவி என்றால், 18 லட்சம் கடனைத் தன் தலையில் ஏற்று, கணவருக்கு 24.5 லட்சம் கொடுக்க வேண்டும். விடுதலைப் பத்திரம் பதிவானதால் கணவர் பெயர் கடனிலிருந்து தானாக விலகாது. மனைவியின் சம்பளத்தைப் பார்த்து வங்கி புதிதாகக் கடன் அனுமதித்துப் பழையதை முடித்தால்தான் அவர் வெளியே வர முடியும். வங்கியில் எழுத்துமூலம் சம்மதம் வாங்காமல் விடுதலை எழுதிக் கொடுத்த கணவர் ஒருவர், வீடும் இல்லாமல் அந்த வீட்டின் கடனும் தன் பெயரில் நிற்க, மூன்று வருஷம் அலைந்தார். பத்திரம் எழுதியது நான் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பேசியதை எழுதுங்கள்

பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசி முடிப்பது இந்தப் பக்கத்தில் நல்ல வழக்கம். பாதி வழக்குகள் அந்தக் கூடத்திலேயே முடிகின்றன. ஆனால் முத்திரைத் தாளில் எழுதி இரண்டு ஐயாக்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டதால் சொத்து கைமாறாது. கைமாற்றம் பதிவில்தான். அந்த எழுத்து நீங்கள் என்ன ஒப்பினீர்கள் என்று காட்டும் சான்று, அதுவும் தேவைதான். பரஸ்பர சம்மத மனு போடுகிறவர்கள் அதே ஷரத்துகளை மனுவிலும், சொத்து விவரத்தைப் பத்திரத்தில் உள்ளபடியே எல்லைகளோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: பங்கு எத்தனை, இதற்குக் கீழே விற்பதில்லை என்ற அடிமட்ட விலை, எத்தனை மாதத்துக்குள் விற்காவிட்டால் அந்த விலையை எவ்வளவு இறக்குவது, யார் தரகரோடு பேசுவது, முன்பணத்தை எப்படிப் பிரிப்பது, விற்பனை முறிந்தால் முன்பணத்தை யார் திருப்புவது. இந்தக் கடைசி இரண்டையும் எல்லோரும் மறக்கிறார்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு ஷரத்தும் உண்டு. புது வீட்டில் பழைய வீட்டு வாசல் நிலை, செதுக்கு வேலைக் கதவு, தேக்குத் தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் வாங்கி வைத்திருப்பீர்கள். சில நிலை பூட்டன் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும். வாங்க வருபவர் அதைப் பார்த்துத்தான் விலையை ஏற்றிச் சொல்வார். பதிவுக்கு முந்தின நாள் ஒருவர் ஆள் வைத்து நிலையைப் பெயர்த்தால் விற்பனையே பெயர்ந்துவிடும். ஆத்தங்குடிக் கல் தரையோடு போகும், சந்தேகமில்லை. ஊஞ்சலும் கதவும் வீட்டோடு போகிறதா, யாருக்குப் போகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

விலையும் ஆளும்

வழிகாட்டி மதிப்பு என்பது அரசு தீர்வை வாங்க வைத்திருக்கும் மதிப்பு, சந்தை விலை இல்லை. அதே தெருவில் அண்மையில் நடந்த கிரயங்களை விசாரியுங்கள். ஆளுக்கு ஒரு தரகர் வைத்தால் இரண்டு விலை ஊரில் சுற்றும். ஒரே தரகர், தரகு எவ்வளவு என்று முதல் நாளே பேச்சு.

பிரிந்த கதையை வாங்க வருபவரிடம் சொல்லத் தேவையில்லை. ஒளிக்கவும் வேண்டாம், நிலுவையில் வழக்கு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இருவரும் தனித்தனியாக அவருக்குப் போன் போட்டு மற்றவரைக் குறை சொன்னால், அவர் இரண்டு லட்சம் குறைப்பார். ஆடியிலும் மார்கழியிலும் கிராக்கி மந்தம், அந்த மாதங்களில் விலையை இறக்கிவிடாதீர்கள்.

ஒப்பந்தமும் பதிவு நாளும்

கிரய ஒப்பந்தம் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும், 2012 டிசம்பரிலிருந்து. முன்பணம் ஒப்பிய விகிதத்தில் இருவர் கணக்குக்கும் தனித்தனியே வரட்டும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி அபராதம் கட்ட வைக்கும் வேலை.

வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால், கடன் முடிக்க இன்ன தேதியில் இவ்வளவு என்ற கடிதத்தை வங்கியில் இருவரும் கையெழுத்திட்டு வாங்குங்கள். வாங்குபவர் தரும் பணத்தில் அது முதலில் அடையும். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்ப வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அசல் கைக்கு வந்ததோடு நிற்காமல், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தையும் பதியுங்கள். அது பதியாதவரை வில்லங்கத்தில் கடன் நின்றுகொண்டே இருக்கும்.

பதிவு நாளில் இருவரும் அசல் அடையாள அட்டை, பான் அட்டையோடு வர வேண்டும். இரண்டு சாட்சிகள். கிரயத் தொகை யாருக்கு எவ்வளவு, எந்தக் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்ற எண் வழியாக என்று பத்திரத்திலேயே தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "மொத்தமும் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரே வரியில் எழுதிப் பணம் ஒருவர் கணக்கில் போனால், பிறகு மற்றவர் அதை வாங்குவது தனி வழக்கு. பணம் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியை இருவரும் பார்த்தபின் விரல் வைப்பதுதான் முறை. முகூர்த்த நாள் வேண்டாம், கூட்டம் அதிகம். சாதாரணமான ஒரு புதன்கிழமை காலை டோக்கன் எடுத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் குறையும்.

முகத்தில் விழிக்கவே முடியாது என்பவர்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பவர், அதாவது தமக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், கொடுக்கலாம். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், இந்த விலைக்குக் குறையாமல், பணம் என் கணக்குக்கே என்று வரம்பு போட்டுக் கொடுங்கள். பிரிந்த கணவருக்கோ மனைவிக்கோ பவர் எழுதிக் கொடுப்பது என் மேசையில் நான் செய்யாத காரியம்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன காலத்திலிருந்தே இந்தப் பக்கத்தில் வீடு இங்கே, கையெழுத்து அக்கரையில். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவரில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கிரயம் பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இந்தச் சான்றை மறந்துவிட்டு வந்து, அக்கரைக்குப் போன் போட்டு எழுப்பியவர்கள் உண்டு.

மற்றவர் கையெழுத்துப் போட மறுத்தால்

முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கு, குடும்ப நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கேயே போகும். ஒரே சமையலறை, ஒரே படிக்கட்டு உள்ள வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர் கேட்டால் நீதிமன்றம் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். அப்போது மற்றவர் "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்டால், மதிப்பீடு செய்து அவருக்குக் கொடுக்கலாம்.

தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பாதி வீட்டை யார் வாங்குவார்? வாங்க வருபவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். மிரட்டலுக்காகச் சிலர் இந்த வழியைச் சொல்வார்கள், செய்ததைப் பார்த்தது குறைவு.

வழக்குப் போட்டாலும் பேச்சை விடாதீர்கள். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவின்மேல் அப்பீல் இல்லை. வக்கீல் வைக்கப் பணமில்லாத பெண்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் விவாகரத்துச் சட்டம் வேறு, ஆனால் கூட்டு உடைமை, பாகப்பிரிவினை பற்றி இங்கே சொன்னது பொதுவானது.

வரி

லாபத்துக்கு வரி அவரவர் பங்குக்கு அவரவர் கட்டுவது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் விலைவாசிக் குறியீட்டைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். தன் பங்கு லாபத்தில் 2 வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஒருவர் வாங்கி மற்றவர் வாங்காவிட்டால் வாங்கியவருக்கு மட்டும். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினாலும் அது கைமாற்றம்தான், இந்த வரிக் கேள்வி அங்கேயும் வரும்.

மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் இருவர் பான் எண்ணிலும் தனித்தனியே கட்ட வேண்டும். ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்கில் பிடிப்பது இதைவிடப் பல மடங்கு. குறைத்துப் பிடிக்கும் சான்றிதழை வருமான வரி அலுவலகத்தில் அவர் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளட்டும். பதிவுக்கு முந்தின வாரம் இதைச் சொன்னால், "என் பங்கு மட்டும் ஏன் குறையுது?" என்று இன்னொரு சண்டை ஆரம்பிக்கும்.

பிறகு

தவணைக்காகத் திறந்த கூட்டு வங்கிக் கணக்கை மூடுங்கள், தானாகப் பணம் எடுக்கும் உத்தரவை அதற்கு முன் ரத்து செய்யுங்கள். மின் இணைப்பும் வீட்டு வரியும் வாங்கியவர் பெயருக்கு மாறியதா என்று இரண்டு மாதம் கழித்து ஒரு தரம் பாருங்கள். கிரயப் பத்திர நகல், வங்கி முடிவுக் கடிதம், வாங்கியபோது கட்டிய தீர்வை ரசீது, வீட்டில் செய்த பெரிய வேலைகளின் பில் எல்லாம் வரிக் கணக்குக் கொடுக்கும்போது இருவருக்கும் தேவைப்படும். பதிவு முடிந்து கிளம்புமுன் எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஜூலை மாதம் அதற்காக ஒரு போன் வரும்.